கடைமடைப் பறவைகளுக்கும் ஒரு முறைத் தண்ணீர்

காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று வழங்கிய இறுதித் தீர்ப்பில், மாநிலங்களின் பங்கைத் தவிர இன்னொரு பங்கும் எழுதப்பட்டிருக்கிறது: சுற்றுச்சூழலுக்கு 10 டி.எம்.சி. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று தமிழ்நாட்டின் பங்கைக் குறைத்தபோதும் இந்த 10 டி.எம்.சி.யைத் தொடவில்லை. பிப்ரவரி முதல் மே வரை மாதத்துக்கு 2.5 டி.எம்.சி. வீதம் மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் இந்தத் தண்ணீர் வந்து சேர வேண்டும். அதைக் கேட்டுப் பெறத் தமிழ்நாட்டு அதிகாரிகள் காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழுவில் வாதாடுகிறார்கள். வாதாடத்தான் வேண்டும். ஆனால், சுற்றுச்சூழலின் பெயரால் வரும் தண்ணீரில் டெல்டாவின் ஏரிகளுக்கும் சதுப்பு நிலங்களுக்கும் எவ்வளவு என்று நாம் இதுவரை உரக்கக் கேட்டதில்லை.

கேட்க வேண்டிய நேரம் இது. காவிரி டெல்டாவில் உலகம் அங்கீகரித்த மூன்று பறவை நிலங்கள் உள்ளன. கோடியக்கரை 2002-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் சேர்ந்த முதல் இடம் அதுதான். திருவாரூர் மாவட்டத்தின் உதயமார்த்தாண்டபுரமும் வடுவூரும் 2022-ல் சேர்ந்தன. இன்று தமிழ்நாட்டில் 20 ராம்சர் இடங்கள் இருக்கின்றன. இந்தியாவில் வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. பெருமைதான். ஆனால் டெல்டாவின் இந்த மூன்று இடங்களுக்கும் பட்டம் கிடைத்திருக்கிறதே தவிர, தண்ணீருக்கு உத்தரவாதம் கிடைக்கவில்லை.

தண்ணீரே வேலி

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி சாலையில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் வடுவூர் ஏரிக்கரையில் நிற்கலாம். வெண்ணாற்றிலிருந்து பிரிந்து தஞ்சை நகரைத் தொட்டுக்கொண்டு ஓடும் வடவாறுதான் இந்த ஏரிக்குத் தாய். பரப்பு சுமார் 112 ஹெக்டேர். 1999-ல் சரணாலயமானது. ஐப்பசி மழை பிடித்து ஏரி நிரம்பியதும் கூட்டம் கூட்டமாகப் பறவைகள் இறங்கத் தொடங்கும். அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், கூழைக்கடா, பாம்புத்தாரா, நீர்க்காகம், வடக்கிலிருந்து வரும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, ஊர்க்காரர்கள் அன்றாடம் பார்க்கும் மடையான், நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி என்று ஒரு காலைப் பொழுதுக்குள் முப்பது நாற்பது வகைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம். பெரிய கோயிலைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இப்படி ஓர் ஏரி பக்கத்தில் இருப்பது தெரியும்?

உதயமார்த்தாண்டபுரம் இன்னும் சிறியது, சுமார் 44 ஹெக்டேர். திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவே, கடலுக்கு அருகில் இருக்கும் நல்ல தண்ணீர் ஏரி. மேட்டூர்த் தண்ணீரும் பருவமழையும் வந்தால் நிரம்பும். கோடையில் காய்ந்து கிடக்கும். நத்தைகுத்தி நாரைகளின் ஊர் இது. அலகின் நடுவே ஓர் இடைவெளி தெரியும் அந்த நாரை, வயலிலும் வாய்க்காலிலும் உள்ள நத்தைகளைத் தின்றே பிழைக்கிறது. ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நெருக்கமாகக் கூடு கட்டுகிறது.

தண்ணீரில் நிற்கும் மரத்தை நாரை தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. அந்தத் தண்ணீர்தான் கூட்டுக்கு வேலி. ஏரி வற்றி அடிமரம் தரையில் நின்றுவிட்டால், பூனையும் கீரியும் நரியும் தெருநாயும் மரத்தடிக்கு வந்துவிடும். தவறிக் கீழே விழும் குஞ்சு பிழைக்காது. அருகில் இரை கிடைக்காததால் தாய்ப்பறவை வெகுதூரம் போக வேண்டிவரும். சில ஆண்டுகளில் கூட்டை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவதும் உண்டு. ஆகவே ஏரி எப்போது நிரம்புகிறது என்பது எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் அது எப்போது வற்றுகிறது என்பது.

சத்திமுத்தப் புலவர் நாரையைத் தன் மனைவியிடம் தூது அனுப்பியதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். சத்திமுற்றம் நம் கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊர். வழியில் ஊர்க் குளத்தில் தங்கிப் போகும்படி அந்தப் புலவர் பறவையிடம் சொல்கிறார். நாரை போய்ச் சேரும்போது குளத்தில் தண்ணீர் இருக்கும் என்பதில் அவருக்கு ஐயமே வரவில்லை. இன்று டெல்டாவின் எந்தக் குளத்தைப் பற்றியும் அப்படி அடித்துச் சொல்ல முடியாது. வடகிழக்குப் பருவமழை 2016-ல் 62 சதவீதம் குறைந்தது. 2023-ல் ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தும் கடைமடையில் குறுவை கருகியது. 2024-ல் அணையைத் திறக்கவே ஜூலை 28 ஆகிவிட்டது. உழவர் தவித்த ஆண்டுகளில் பறவையும் தவித்தது. பயிர் கருகினால் படம் பிடிக்க ஆள் உண்டு. கூடு காலியானால் கணக்கெடுக்க வந்தவர்களின் நோட்டுப் புத்தகத்தில் ஓர் எண் குறையும், அவ்வளவே.

ஜனவரி 28-க்குப் பிறகு

பாசனத்துக்காக ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். சம்பா அறுவடைக்கு இந்தத் தேதி பொருந்தும், பறவைக்குப் பொருந்தாது. மழைக்காலத்தில் கட்டிய கூடுகளில் பொரித்த குஞ்சுகள் தை, மாசி மாதங்களில்தான் இறகு முளைத்துப் பறக்கப் பழகுகின்றன. சரியாக அந்த நேரத்தில் ஆறு நின்றுவிடுகிறது. ஏரியில் இருப்பதும் மதகு வழியாகப் போய்விடுகிறது. ஏரியும் மதகும் நீர்வளத் துறையின் பொறுப்பு. கூடும் குஞ்சும் வனத் துறையின் பொறுப்பு. இரண்டு துறைகளும் ஒரே கரையில் நின்றாலும் தண்ணீர்க் கணக்கு ஒரு துறையிடம்தான் இருக்கிறது.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்? வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் இரண்டையும் சராசரி ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு முழுவதுமாக நிரப்ப ஏறத்தாழ 23 லட்சம் கன மீட்டர் போதும். ஒரு டி.எம்.சி. என்பது 2.83 கோடி கன மீட்டர். அதாவது ஒரு டி.எம்.சி.யில் பன்னிரண்டில் ஒரு பங்கு. வெயிலில் ஆவியாவதற்கும் மண் குடிப்பதற்குமாக இன்னும் இரண்டு மடங்கு சேர்த்துக் கொடுத்தாலும் கால் டி.எம்.சி.தான். சுற்றுச்சூழலுக்கென எழுதி வைத்த 10 டி.எம்.சி.க்கு முன்னால் இது ஒரு பொருட்டா?

"குடிக்கவே தண்ணீர் இல்லாத கோடையில் கொக்குக்குத் தண்ணீரா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மார்ச் மாதத்தில் காய்ந்த ஆற்று மணலில் சிறிதளவு தண்ணீரைத் திறந்துவிட்டால் அது வடுவூரை எட்டவே எட்டாது. வழியிலேயே மணல் குடித்துவிடும். அப்படி வீணாக்கச் சொல்லவில்லை. ஆறு ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஜனவரி 28-க்கு முந்தைய கடைசி முறையில், சரணாலய ஏரிகளை விளிம்பு வரை நிரப்பிவிட வேண்டும். அந்த அளவைச் சுற்றுச்சூழல் பங்கில் கழித்துக்கொள்ளலாம். பிப்ரவரியில் பிலிகுண்டுலுவுக்கு வரும் தண்ணீர் மேட்டூரிலேயே குடிநீருக்காக இருக்கட்டும். கணக்கும் நேராகும், குஞ்சும் பிழைக்கும். ஏரியில் நிற்கும் தண்ணீர் சுற்றுவட்டக் கிணறுகளுக்கு ஊறும், ஆடு மாடுகளுக்கு ஆகும். அது பறவைக்கு மட்டும் போகிற தண்ணீர் அன்று.

முறை வைத்துத் தண்ணீர் விடுவது டெல்டாவுக்குப் புதிதில்லை. இந்த ஆற்றுக்கு ஆறு நாள், அந்த ஆற்றுக்கு ஆறு நாள் என்று பற்றாக்குறை ஆண்டுகளில் பகிர்ந்து வாழ்ந்த ஊர்கள் இவை. அந்த வரிசையில் இன்னும் ஒரு பங்காளியைச் சேர்க்கச் சொல்கிறோம்.

கோடியக்கரையில் உப்பு மிஞ்சுகிறது

காவிரியின் கடைசித் தண்ணீரும் கடலின் முதல் உப்பும் சந்திக்கும் இடம் கோடியக்கரை. வரலாற்றின் தடமும் இங்கே ஆழமானது. கோடிக்குழகர் கோயிலுக்கு வந்த சுந்தரர், இந்தக் காட்டோரக் கடற்கரையில் துணையின்றி இருக்கிறீரே என்று இறைவனைப் பார்த்துப் பாடினார். மரப்பொந்தில் ஆந்தையும் கூகையும் குரல் எழுப்புவதை அந்தப் பதிகத்தில் குறித்திருக்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு பறவைக் குறிப்பு இந்தக் காட்டுக்கு இருக்கிறது என்பதே என்னைச் சிலிர்க்க வைக்கும் செய்தி. சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தின் எச்சம் 2004 ஆழிப்பேரலை வரை நின்றது. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள் அந்த விளக்கை மனத்தில் ஏந்தியே இந்தக் கரைக்கு வருகிறார்கள்.

பக்கத்தில் அகத்தியம்பள்ளி. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி வழியாக நடந்து வந்த ராஜாஜி, ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளிச் சட்டத்தை மீறியது இங்கேதான். அந்த ஊர்வலத்துக்குச் சோறு போட்டவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை ஆட்சியர் எச்சரித்தும் டெல்டா மக்கள் சோறு போட்டார்கள்.

1967-ல் வெளிமான்களைக் காக்கவென்று கோடியக்கரையில் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பறவை அறிஞர் சாலிம் அலியின் வழிகாட்டுதலில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் இங்கே பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, பறக்கவிட்டு அவற்றின் வலசையை ஆராய்ந்தார்கள். சைபீரியாவின் வடகோடியில் முட்டையிடும் சின்னஞ்சிறு உள்ளான்கள் குளிர்காலத்தைக் கழிக்க வருவது இந்தச் சேற்றுக்குத்தான். பூநாரைகளும் இங்கேதான் கூட்டமாக இறங்குகின்றன.

இவை வருவது சேற்றில் உள்ள புழு, சிறு நத்தை, பூச்சிக் குடம்பிகளுக்காக. அவை வாழக் கடல் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்க வேண்டும். மழைக்காலத்தில் டெல்டாவின் வடிகால் ஆறுகள் கொண்டுவரும் தண்ணீர் உப்பைத் தணிக்கும். கோடையில் மீண்டும் உப்பு ஏறும். இந்த ஏற்ற இறக்கமே இந்த நிலத்தின் உயிர். மேலே தண்ணீர் குறைந்ததாலும், சதுப்பின் பெரும்பரப்பில் உப்பளங்கள் வந்ததாலும் இந்தச் சமநிலை கலைந்துவிட்டது. உப்பு அளவு மீறினால் சேற்றில் பலவகை உயிர் இருக்காது. உப்பைத் தாங்கும் ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சும். பறவைகள் பழைய அளவில் வராததற்கு நல்ல தண்ணீர் குறைந்ததும் ஒரு காரணம் என்று அங்கே பல்லாண்டுகள் பணியாற்றிய ஆய்வாளர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். 2018 நவம்பர் 16-ல் வீசிய கஜா புயல் காட்டையே சாய்த்துப் போட்டது. சீமைக் கருவேலம் ஏற்கெனவே புல்வெளியைத் தின்றுகொண்டிருந்தது.

மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கும் இதே கதைதான். பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, மரக்காக்கோரையாறு கொண்டுவரும் தண்ணீர் குறையக் குறைய அந்தக் காடு உப்பில் தத்தளிக்கிறது.

இதனால் மனிதருக்கு என்ன? நல்ல தண்ணீர் கடலைத் தள்ளி நிறுத்தாவிட்டால் கடல் உள்ளே வரும். வேதாரண்யம் வட்டாரத்தில் வீட்டுக் கிணறு உப்பானதால் கொள்ளிடத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து குடிக்கிறார்கள். இறால் பண்ணைகள் வந்தபோது வயலும் கிணறும் கெட்டதைக் கண்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன். 1996 டிசம்பரில் அந்த வழக்கில் வந்த தீர்ப்பு இந்தியக் கடலோரம் முழுவதற்கும் பேசப்பட்டது. கடைமடையில் பறவை குறைவது, அடுத்து கிணறு உப்பாகப் போவதற்கு முன்னறிவிப்பு.

வயலுக்குச் சட்டத்தில் இடமில்லை

பறவை ஏரியில் தூங்குகிறது, சாப்பிடுவது வயலில். சம்பா வயலில் தண்ணீர் நிற்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் டெல்டா முழுவதுமே ஓர் ஈரநிலம். 2008-ல் தென்கொரியாவின் சாங்வோன் நகரில் கூடிய ராம்சர் மாநாடு நெல்வயலை ஈரநிலமாகவே ஏற்றுத் தீர்மானம் போட்டது. ஆனால் இந்திய அரசின் 2017 ஈரநில விதிகள் நெல்வயலையும் பாசனத்துக்காக வெட்டிய நீர்நிலையையும் வரையறைக்கு வெளியே நிறுத்திவிட்டன. டெல்டாவின் நூற்றுக்கணக்கான ஏரி குளங்கள் இப்படி நழுவிப் போகின்றன. தமிழ்நாடு 2020-ல் கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுத் துளைகளைத் தடுத்தது. அது பெரிய காரியம். வயலில் கொட்டும் நஞ்சைப் பற்றி அந்தச் சட்டம் பேசவில்லை.

நத்தையைத் தின்னும் நாரை, எலியைத் தின்னும் கூகை, புழுவைப் பொறுக்கும் கரிச்சானும் உண்ணிக்கொக்கும் கூலி கேட்காத வேலையாட்கள். வயலில் குச்சி நட்டுப் பறவைக்குத் தாங்கி வைப்பதும், மூங்கிலில் செய்த தஞ்சாவூர்க் கிட்டியால் எலி பிடிப்பதும் நம் உழவர்களுக்குக் கைவந்த முறைகள். குருணை மருந்தும் எலி நஞ்சும் அந்த இடத்தைப் பிடித்தபோது, நஞ்சு தின்ற எலியைத் தின்று கூகையும் செத்தது. எலி திரும்பி வந்தது, கூகை வரவில்லை.

ஜப்பானின் டொயோகா நகரம் இதே தவற்றைச் செய்து திருத்திக்கொண்டது. அந்நாட்டின் கடைசிக் காட்டு நாரை 1971-ல் அங்கே இறந்தது. வயல் நஞ்சும் அதற்கு ஒரு காரணம். வளர்ப்பில் பெருக்கிய நாரைகளை 2005-ல் திரும்பப் பறக்கவிட்டபோது, உழவர்கள் நஞ்சைக் குறைத்து, வயலில் தவளைக்கும் மீனுக்கும் தண்ணீர் நிறுத்தினார்கள். அந்த நெல்லை 'நாரை வளர்க்கும் அரிசி' என்ற பெயரில் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். தஞ்சாவூர் அரிசிக்கு இல்லாத பெயரா? வடுவூரைச் சுற்றியுள்ள ஊர்களில் நஞ்சில்லாமல் விளைந்த பாரம்பரிய நெல்லை இப்படி அடையாளமிட்டு விற்க அரசு துணை நிற்கலாம்.

செங்கல்பட்டு மாவட்ட வேடந்தாங்கல் உழவர்கள் இதை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்று அறிந்து, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதற்கு எதிராக 1798-ல் ஆட்சியர் லயனல் பிளேசிடம் முறையிட்டுத் தடை வாங்கினார்கள். பறவையைக் காக்க உழவரே முன்வந்தார். டெல்டாவிலும் அது நடக்கும், தண்ணீர் விஷயத்தில் அவர் நம்பிக்கையை உடைக்காமல் இருந்தால்.

என்ன செய்யலாம்?

முதல் வேலை, காவிரி நீர்ப் பங்கீட்டுத் திட்டத்தில் வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் இரண்டுக்கும் ஜனவரி கடைசி முறையில் தண்ணீர் உண்டு என்று அரசாணையில் எழுதுவது. திருவாரூர் மாவட்ட ஆட்சியர் தலைமையில் நீர்வளத் துறை, வனத் துறை, ஏரிப் பாசன உழவர்கள் மூவரும் உட்கார்ந்து, எந்த மட்டத்துக்குக் கீழே மதகைத் திறப்பதில்லை என்று ஒரு கோட்டைக் குறிக்க வேண்டும். அந்தக் கோட்டைக் கரையில் பெயிண்டால் எழுதி வைத்தால் யாரும் படிக்கலாம். அதனால் ஏதேனும் ஓர் ஆண்டில் வயலுக்குத் தண்ணீர் குறைந்தால், பாதிக்கப்பட்ட ஆயக்கட்டு உழவருக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும். பறவைக்கான செலவை ஏழை உழவர் தலையில் கட்டக் கூடாது.

கோடியக்கரைக்கும் முத்துப்பேட்டைக்கும் ஏரி நிரப்பும் கணக்கு பொருந்தாது. அங்கே தேவை மழைக்கால வடிகால் தடையில்லாமல் போய்ச் சேருவது. வடிகால் ஆறுகளைத் தூர்வாரும்போது வெள்ளம் வடிவதை மட்டும் பார்க்காமல், சதுப்புக்குப் போகும் கிளை வாய்க்கால்களையும் திறந்துவிட வேண்டும். உப்பளக் குத்தகைகளைப் புதுப்பிக்கும்போது, தண்ணீர் போக வழி விட்டே ஆக வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்கலாம்.

வடவாறு தஞ்சை நகரைக் கடக்கும்போது சாக்கடை கலப்பதை நிறுத்த வேண்டியது தஞ்சைவாசிகளான நம் கடமை. நாம் ஆற்றில் விடும் கழிவு வடுவூர் ஏரியில்தான் போய்த் தங்குகிறது.

வேட்டையும் நிற்க வேண்டும். டெல்டாவின் சாலையோரங்களில் மடையானையும் கொக்கையும் உயிரோடு கட்டி விற்பதைப் பலரும் பார்த்திருக்கிறோம். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். வாங்க ஆள் இல்லாவிட்டால் விற்க ஆள் இருக்காது. சிவகங்கை மாவட்ட வேட்டங்குடியில், கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அவர்களால் ஒரு பண்டிகை மகிழ்ச்சியை விட்டுக்கொடுக்க முடிகிறது. நம்மால் ஒரு வேளைக் கறியை விட்டுக்கொடுக்க முடியாதா?

ஊர் இளைஞர்களுக்குப் பறவைகளை அடையாளம் காணப் பயிற்சியும், நல்ல இருநோக்கிகளும் கொடுத்து வழிகாட்டிகளாக்கினால் அவர்களுக்கு வருமானம் வரும். ஏரிக்கும் காவல் கிடைக்கும். சரபோஜி மன்னர் தஞ்சை ஓவியர்களைக் கொண்டு பறவைகளையும் விலங்குகளையும் வரையச் செய்தார். அந்த ஓவியங்களில் ஒரு தொகுப்பு லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அவற்றின் படிகளைப் பெற்று வடுவூரில் ஒரு சிறு காட்சிக்கூடம் வைத்தால், தஞ்சைக்கு வருகிறவர் இன்னும் ஒரு நாள் தங்குவார்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கார்த்திகை முதல் மாசி வரை ஒரு விடிகாலையில் பிள்ளைகளை வடுவூருக்கு அழைத்துப் போங்கள். சத்தம் போடாமல், டிரோன் பறக்கவிடாமல் பாருங்கள். ஜனவரி 28 கழிந்த அடுத்த வாரம் இன்னொரு முறை போங்கள். ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பாருங்கள். வற்றியிருந்தால் ஆட்சியருக்கும் உங்கள் சட்டப்பேரவை உறுப்பினருக்கும் எழுதுங்கள். சுற்றுச்சூழலுக்கான 10 டி.எம்.சி.யில் இந்த ஏரியின் பங்கு எங்கே என்று கேளுங்கள்.